தருவதாக எழுதின உதவியைக் கவுன்சில் தரேல்லை. எங்கை முறையிடுறது?

கனகாம்பரம்

எல்லாருக்கும் வணக்கம். ஊர், பெயர் சொல்ல மாட்டன், குறை நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலை இருக்கிறன். ரெண்டு பிள்ளையள். ரெண்டு பேரும் இப்ப சைல்ட் புரொடெக்‌ஷன் பிளானிலை, அதாவது உள்ளூர்க் கவுன்சில் போடுற பிள்ளைப் பாதுகாப்புத் திட்டத்திலை. வீட்டிலை அவர் எனக்கு அடிக்கிறதை மூத்தவள் பள்ளிக்கூடத்திலை சொன்னவள். ரீச்சர் சோஷல் சர்வீசுக்கு அறிவிச்சவ. அவர் இப்ப வீட்டிலை இல்லை, கிட்ட வரக்கூடாதெண்டு கோர்ட் ஓடரும் இருக்கு.

பிளானிலை எழுதினது இதுதான்: தாய்க்குக் கவுன்சலிங், குடும்ப வன்முறை பற்றின வகுப்பு, எல்லாச் சந்திப்புக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர். கவுன்சலிங் வரேல்லை. வகுப்புக்குப் போனால், "உங்கடை ஆங்கிலம் காணாது" எண்டு திருப்பி அனுப்பிச்சினம். அடுத்த கூட்டத்து அறிக்கையிலை "தாய் வகுப்பை முடிக்கவில்லை, முன்னேற்றம் குறைவு" எண்டு கிடக்கு. அந்த அறிக்கையும் கூட்டம் தொடங்கேக்கைதான் கையிலை தந்தது.

சோஷல் வேக்கர் மாறிக்கொண்டே இருக்கினம். வாற ஒவ்வொரு ஆளுக்கும் நான் அடிவாங்கின கதையை முதலிலை இருந்து சொல்லவேணும். ஒருநாள் மொழிபெயர்ப்பாளர் இல்லையெண்டு மூத்தவளையே சொல்லச் சொன்னவை. தகப்பன் தாய்க்கு என்ன செய்தவர் எண்டதை அந்தப் பிள்ளை தன்ரை வாயாலை ஆங்கிலத்திலை சொன்னது. அண்டைக்கு இரவு அவள் சாப்பிடேல்லை.

முறைப்பாடு குடுக்கலாமோ? குடுத்தால் கோவத்திலை பிள்ளையளை எடுத்துப் போடுவினமோ?

வேலணையான்

தங்கச்சி, உங்கடை நிலைமை விளங்குது. ஆனா முறைப்பாடு ஒண்டும் வேண்டாம். சொல்லுறதுக்கெல்லாம் ஓமெண்டு தலையாட்டி, கெதியா கேசை மூடப் பாருங்கோ. எங்கடை சொந்தத்துக்கை ஒரு குடும்பம் கவுன்சிலோடை எதிர்த்துக் கதைச்சு, "பெற்றோர் ஒத்துழைக்கவில்லை" எண்டு எழுதிப்போட்டினம். அதுக்குப் பிறகு எல்லாம் இழுபட்டது.

தாளும்_பேனையும்

வேலணையான் அண்ணை சொல்லுற பயம் நியாயமானது. ஆனால் "ஒத்துழைக்காமல் விடுவது" வேறு, "முறைப்பாடு கொடுப்பது" வேறு. குடும்பச் சட்டம் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வழக்கறிஞர் இல்லை, அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுக்க வேண்டாம்.

முதலில் அக்காவின் கடைசிக் கேள்வி. கவுன்சில் தன் விருப்பத்துக்குப் பிள்ளையை எடுக்க முடியாது. அதற்கான வழிகள் சிலதான். நீதிமன்றம் பராமரிப்பு ஆணையோ இடைக்கால ஆணையோ அவசரப் பாதுகாப்பு ஆணையோ கொடுக்க வேண்டும். அல்லது பொலிஸ் தங்கள் அதிகாரத்தில் அதிகபட்சம் 72 மணிநேரம் வைத்திருக்கலாம். இல்லையென்றால் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி நீங்களே சம்மதித்திருக்க வேண்டும். நீதிபதி பார்ப்பது பிள்ளைக்குப் பாரதூரமான தீங்கு இருக்கிறதா, வரக்கூடுமா என்பதை. தாய் ஒரு கடிதம் எழுதியது தீங்கு ஆகாது.

2024 மார்ச் 31 அன்று இங்கிலாந்தில் ஏறக்குறைய 50,000 பிள்ளைகள் பாதுகாப்புத் திட்டத்தில் இருந்தார்கள். திட்டம் என்பது நீதிமன்ற ஆணை இல்லை.

இனி எங்கே முறையிடுவது என்பது. இங்கேதான் பலர் அலைக்கழிகிறார்கள், ஏனென்றால் இரண்டு பாதை இருக்கிறது.

அதே 1989 சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி "தேவையுள்ள பிள்ளை"க்குக் கவுன்சில் தரவேண்டிய உதவி, கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளை, இவை பற்றிய குறைகளுக்குச் சட்டப்படியான மூன்று கட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டு விதிகள். முதற்கட்டம் அந்தக் குழுவே பதில் சொல்வது: 10 வேலைநாள், சிக்கலானதென்றால் 20. திருப்தியில்லையென்றால் இரண்டாம் கட்டம்: ஒரு விசாரணை அதிகாரி, அவரோடு கவுன்சில் ஊழியரல்லாத ஒரு சுயாதீன நபர். 25 வேலைநாள், நீண்டால் 65 வரை. மூன்றாவது, மீளாய்வுக் குழு. அதை 20 வேலைநாளுக்குள் நீங்கள் கேட்க வேண்டும்.

47ஆம் பிரிவு விசாரணை (பிள்ளைக்குத் தீங்கு உண்டா என்று கவுன்சில் பார்ப்பது), பாதுகாப்பு மாநாடு (திட்டத்தை முடிவுசெய்யும் கூட்டம்), திட்டத்தில் போட்ட முடிவு, இவை பெரும்பாலும் அந்த மூன்று கட்டத்துக்குள் வராது. கவுன்சிலின் பொது முறைப்பாட்டு வழியிலோ, மாநாட்டுக்கென்று உள்ளூரில் வைத்திருக்கும் வழியிலோ போகும். அக்காவின் கடிதத்தில் இரண்டும் கலந்திருக்கும். ஆகவே கடிதத்தைக் குழுத் தலைவருக்கு மட்டும் அனுப்பாமல் முறைப்பாட்டு அதிகாரிக்கும் அனுப்பி, "எந்தப் பகுதியை எந்த வழியில், ஏன் பார்க்கிறீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு வரியால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

மூன்று கட்ட வழியில் முறைப்பாடு ஏற்கப்பட்டுவிட்டால், நீங்கள் கேட்டும் இரண்டாம் கட்டத்துக்குப் போகவிடாமல் மறிக்கக் கவுன்சிலுக்கு உரிமை இல்லை. "முதலில் ஒரு கூட்டம் வைப்போம், பிறகு பார்ப்போம்" என்பார்கள். கூட்டத்துக்குப் போங்கள். ஆனால் இரண்டாம் கட்டத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கனகாம்பரம்

நன்றி தம்பி. கடிதம் ஆங்கிலத்திலையோ எழுதவேணும்? எனக்கு அந்தளவுக்கு ஏலாது.

பழைய_துபாசி

தமிழிலே எழுதுங்கோ பிள்ளை. அதை மொழிபெயர்ப்பிக்கும்படி கேளுங்கோ. வாயாலும் முறைப்பாடு சொல்லலாம், அவர்கள் எழுதி எடுக்க வேணும்.

நான் மருத்துவமனைகளிலும் கவுன்சில்களிலும் நெடுங்காலம் தமிழ் மொழிபெயர்த்து ஓய்வுபெற்றவன். உங்கள் மகளைப் பேச வைத்தது எழுதினதைப் படித்த நேரம் தொடக்கம் மனம் ஆறவில்லை. எந்தச் சோஷல் வேக்கருக்கும் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிற முதல் விஷயங்களில் ஒன்று, பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்கக்கூடாது என்பது. வன்முறை நடந்த வீட்டில் அது இன்னும் பெரிய பிழை. கடிதத்தில் அதை முதலாவதாகப் போடுங்கோ. திகதி, யார் இருந்தது, எந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கச் சொன்னார்கள், எல்லாம்.

எங்கள் சனத்துக்குள் இன்னொரு பயம் இருக்கு, வெளியில் சொல்லமாட்டார்கள். வாற மொழிபெயர்ப்பாளர் கோயிலில் பார்க்கிற ஆளாக இருந்தால்? அவரின் சொந்தக்காரராக இருந்தால்? நான் போன வீடுகளில் என்னைக் கண்டவுடன் வாயை மூடின தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அதற்காக ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சமாளிக்க வேண்டாம். "வேறு நகரத்து ஆள் வேண்டும்", "பெண் வேண்டும்", "தொலைபேசியில், என் பெயர் சொல்லாமல்" என்று கேட்கலாம். காரணத்தையும் சொல்லுங்கோ, அவர்களுக்குத் தானாக விளங்காது. தமிழ்நாட்டுத் தமிழ் பேசுகிற ஒருவர் வந்து, நீங்கள் சொல்வது அவருக்கு விளங்கவில்லையென்றாலும் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லுங்கோ. அரைகுறையாக விளங்கினதுதான் பிறகு உங்கள் வாக்குமூலமாகக் கோப்பில் ஏறும்.

தெற்குலண்டன்_சுகந்தி

நான் முன்பு சிறுவர் பாதுகாப்புக் குழுவில் சோஷல் வேக்கராக இருந்தவள். அந்தப் பக்கத்தில் இருந்து சில விஷயம் சொல்ல வேண்டும்.

கனகாம்பரம் அக்கா, "அவர் போய்விட்டார், பிறகேன் இன்னும் பிளான்" என்று உங்களுக்குள் கேள்வி இருக்கும். 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, வீட்டில் நடந்ததைப் பார்த்த, கேட்ட பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே. அதனால்தான் பிள்ளைகளின் பெயரில் திட்டம். அது உங்களைக் குற்றவாளி ஆக்குவதற்கு இல்லை. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? அடித்தவர் வீட்டைவிட்டுப் போனதும் கூட்டத்துக்கு வருவதில்லை, அவருக்கு எந்த வேலையும் கொடுப்பதில்லை. வகுப்பு, சந்திப்பு, மாற்றம் எல்லாம் அடிவாங்கின தாயின் தலையில். தாய் ஒன்றைத் தவறவிட்டால் "பாதுகாக்கத் தவறினார்". இதை நான் உள்ளே இருந்த காலத்திலும் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன்.

உங்கள் கடிதத்தின் முதுகெலும்பு ஒரே விஷயம்தான்: கவுன்சில் தன் பங்கைச் செய்யாமல் விட்டதை உங்கள் தோல்வியாக எழுதியிருக்கிறது. ஒரு தாளில் மூன்று நிரல் போடுங்கள். திட்டத்தில் எழுதியது, நீங்கள் எப்போது எப்படிக் கேட்டீர்கள், என்ன நடந்தது. வகுப்பு நடத்தியவர்கள் உங்களைத் திருப்பி அனுப்பியதற்கு ஒரு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ இருந்தால் அதுதான் பொன். இல்லையென்றால் இன்றைக்கே அவர்களுக்கு எழுதி, "மொழி காரணமாக என்னைச் சேர்க்கவில்லை என்பதை உறுதிப்படுத்துங்கள்" என்று கேளுங்கள். சோஷல் வேக்கரின் குணத்தைப் பற்றி எழுதாதீர்கள். "அவ என்னை மதிக்கேல்லை" என்பதற்கு மேலாளர் ஒரு வரியில் வருத்தம் தெரிவித்து முடித்துவிடுவார். "திட்டத்தின் இந்த வரி இத்தனை மாதமாக நிறைவேறவில்லை, எப்போது நிறைவேறும்" என்பதற்கு அப்படிப் பதில் சொல்லித் தப்ப முடியாது.

முறைப்பாட்டின் பதிலுக்காக அடுத்த மாநாடுவரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் மாநாட்டிலிருந்து 3 மாதத்துக்குள் மீளாய்வு, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பே அந்த நிரல் தாளைத் தலைவருக்கு அனுப்பி, குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மாநாட்டுத் தலைவர் உங்கள் சோஷல் வேக்கரின் மேலாளர் கிடையாது, அதனால் அவர் கேள்வி கேட்டால் அந்தக் குழு அசையும். அறிக்கையைக் கூட்டத்துக்கு முன்னரே குடும்பத்துடன் பகிர வேண்டும் என்பது அரசின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் வந்த பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், பெற்றோருடன் குற்றஞ்சாட்டாத, மரியாதையான, அவர்களின் தேவைக்கேற்ற மொழியில் பேச வேண்டும், முடிவெடுப்பதில் பங்கெடுக்கத் தேவையான தகவலைக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வழிகாட்டியின் பெயர் "வேர்க்கிங் டுகெதர்". கடிதத்தில் பெயரைச் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

கடைசியாக என் மனதில் நெடுநாளாகக் கிடப்பது. முறைப்பாடு கொடுக்கிற பிள்ளைக்குத் துணைநின்று பேச ஒருவரைக் கவுன்சில் ஏற்பாடு செய்துகொடுக்க வேண்டும், சட்டத்தில் இருக்கிறது. பெற்றோருக்கு அந்த உரிமை இல்லை. ஒரு மேசையைச் சுற்றிப் பொலிஸ், பள்ளிக்கூடம், சுகாதாரம், கவுன்சில் என்று சம்பளத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் இருக்க, நடுவில் ஒரு தாய் தனியாக, அதுவும் தனக்கு முழுதாக விளங்காத மொழியில். சிறுவர் சமூகப் பராமரிப்பு பற்றி 2022 மே மாதம் வந்த சுயாதீன மீளாய்வு அறிக்கை, ஜோஷ் மெக்அலிஸ்டர் தலைமையில் நடந்தது, பாதுகாப்பு நடவடிக்கைக்குள் வரும் பெற்றோருக்குத் துணையும் பிரதிநிதியும் தரவேண்டும் என்று சொன்னது. சில கவுன்சில்களில் இருக்கிறது. எல்லா இடத்திலும் இல்லை. கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஃபேமிலி ரைட்ஸ் குரூப் என்ற தொண்டு நிறுவனத்தின் இலவச ஆலோசனை இருக்கிறது, 1974இலிருந்து இதே வேலையைச் செய்பவர்கள். நம்பிக்கையான ஒரு தோழியையும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், முன்கூட்டித் தலைவரிடம் சொன்னால் போதும்.

வேலணையான்

சுகந்தி, நீங்கள் சொல்லுறது சரியாயிருக்கலாம். எண்டாலும் கேக்கிறன். முறைப்பாடு எண்ட கடிதம் கோப்பிலை கிடக்குமல்லோ? நாளைக்கு வேறை ஒரு சோஷல் வேக்கர் வந்து அதை வாசிச்சுப்போட்டு, "இவ பிரச்சினைக்காரி" எண்டு நினைச்சால்?

தாளும்_பேனையும்

நினைக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள் அண்ணை, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அக்காவின் கோப்பில் ஏற்கெனவே "முன்னேற்றம் குறைவு" என்று கிடக்கிறது. நாளை வழக்கு நீதிமன்றம் போனால் நீதிபதி வாசிக்கப்போவது அதைத்தான். அதே காலத்தில் அக்கா எழுதிய கடிதம் பக்கத்தில் இருந்தால், வகுப்புக்குப் போகாமல் விட்டாரா, போகவிடாமல் விடப்பட்டாரா என்று அவரே பார்ப்பார். ஒரு வருடம் கழித்து நினைவில் இருந்து சொல்வதற்கு அந்தப் பலம் இல்லை.

கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் உரிமை உண்டு. தன் தரவைக் கேட்டு எழுதினால் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், சிக்கலானதென்றால் இன்னும் 2 மாதம் நீட்டலாம். மற்றவர்களின் விபரத்தைக் கறுப்படித்துத் தருவார்கள். திகதி, பெயர், நடந்த சம்பவம் பிழையாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். அபிப்பிராயத்தை அழிக்க மாட்டார்கள், ஆனால் உங்கள் மறுப்பைச் சேர்த்து வைக்கச் சொல்லலாம்.

கனகாம்பரம்

வேலணையான் அண்ணா, உங்கடை அக்கறை விளங்குது, கோவிக்காதேங்கோ. நான் எழுதப்போறன். பிள்ளையை மொழிபெயர்க்க வைச்சதை நான் விடேலாது.

சேலத்து_அப்பா

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் விஷயம் வேறு, ஆனால் அதே சுவர்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்த குடும்பம். பையனுக்கு ஆட்டிசம், பேச்சு இல்லை, இரவில் தூங்க மாட்டான். வாரத்துக்குக் கொஞ்ச நேரமாவது யாராவது பார்த்துக்கொண்டால் என் மனைவி தூங்கலாம் என்றுதான் கவுன்சிலிடம் கேட்டோம். வந்தவர் சமையலறையைப் பார்த்தார், படுக்கையறையைப் பார்த்தார், பையனிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். அவன்தான் பேசமாட்டானே! கடைசியில் பெற்றோருக்கான பயிற்சி வகுப்பைப் பரிந்துரைத்து முடித்துவிட்டார்கள். உதவி கேட்ட எங்களைச் சந்தேகத்தோடு பார்த்தது என் மனைவியை ரொம்பவே பாதித்துவிட்டது. விசாவில் பொது நிதி கிடையாது என்பதால் எங்களுக்கு எதுவும் கிடைக்காது என்றும் ஒருவர் சொன்னார். உண்மையா?

தெற்குலண்டன்_சுகந்தி

உண்மையில்லை தம்பி. "பொது நிதி" என்று குடிவரவு விதிகளில் பட்டியலிட்டிருப்பவை மாற்றுத்திறன் கொடுப்பனவு, வீட்டு உதவிப்பணம் போன்றவை. 17ஆம் பிரிவில் கவுன்சில் தரும் சேவை அந்தப் பட்டியலில் இல்லை. பையன் மாற்றுத்திறன் உள்ளவன் என்பதாலேயே சட்டப்படி "தேவையுள்ள பிள்ளை". அவனைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் தேவையைத் தனியாக மதிப்பிடவும் நீங்கள் கேட்கலாம், 2014ஆம் ஆண்டுப் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம் அதைச் சேர்த்தது. ஓய்வு இடைவேளைச் சேவைக்கென்று 2011 விதிகள் உண்டு.

நீங்கள் பட்டது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. 2021இல் செரிப்ரா என்ற தொண்டு நிறுவனத்துக்காக லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் லூக் கிளெமென்ட்ஸ், அனா லாரா ஐயெல்லோ இருவரும் இங்கிலாந்துக் கவுன்சில்களின் மதிப்பீட்டுக் கொள்கைகளை ஆராய்ந்தார்கள். மாற்றுத்திறன் பிள்ளைக்கு உதவி கேட்டு வரும் பெற்றோரையும், பிள்ளைக்குத் தீங்கு செய்ததாகச் சந்தேகிக்கப்படும் பெற்றோரையும் ஒரே அச்சில் வார்த்துப் பார்க்கும் முறை பரவலாக இருப்பதை அந்த அறிக்கை காட்டியது. படிவமே அப்படி. உங்கள் முறைப்பாடு நேராக மூன்று கட்ட வழிக்குள் வரும். மதிப்பீடு 45 வேலைநாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். எழுத்து நகல் கேளுங்கள், ஏன் ஓய்வுச் சேவை மறுக்கப்பட்டது என்று காரணம் கேளுங்கள்.

சேலத்து_அப்பா

ரொம்ப நன்றி அக்கா. விசா காரணமாக இல்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. இன்றைக்கே நகல் கேட்டு எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர்

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். நீதிமன்ற வழக்கு நடக்கும் பிள்ளைகளை அடையாளம் காட்டும் விபரங்களைப் பொதுவெளியில் போடுவது இங்கே சட்டப்படி குற்றம். கவுன்சில் பெயர், பள்ளிக்கூடம், சோஷல் வேக்கர் பெயர், பிள்ளைகளின் படம், கடிதத்தின் புகைப்படம் எதுவும் வேண்டாம். ஒரு பதிவில் இருந்து ஊர்ப் பெயரை நீக்கியிருக்கிறேன்.

இரவுப்பணி

என் தம்பியாரும் மனிசியும் ஆஸ்பத்திரியிலை வைச்சு ஏதோ தாளிலை கையெழுத்துப் போட்டவை. "கொஞ்ச நாளைக்கு" எண்டு சொல்லிப் பிள்ளையை வேறை வீட்டிலை விட்டிருக்கினம். கோர்ட் இல்லை, ஒண்டுமில்லை. திருப்பிக் கேக்கலாமோ?

தாளும்_பேனையும்

நீங்கள் சொல்வது 20ஆம் பிரிவு போலத்தான் இருக்கிறது. பெற்றோர் பொறுப்பு உள்ளவர் எந்த நேரமும், முன்னறிவித்தல் இல்லாமலே, பிள்ளையைத் திரும்ப எடுக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் ஹாக்னி கவுன்சில் வழக்கில் இந்தப் பிரிவை விரிவாகப் பார்த்தது. அந்த வழக்கில் பெற்றோர் தோற்றார்கள், ஆனால் எந்த நேரமும் திரும்ப எடுக்கும் இந்த உரிமையை நீதிபதி லேடி ஹேல் தெளிவாகவே சொன்னார். ஆனால் தயவுசெய்து நாளைக்கே போய்க் கதவைத் தட்ட வேண்டாம். கவுன்சில் அன்றே அவசர ஆணைக்கு நீதிமன்றம் ஓடக்கூடும். முதலில் குடும்பச் சட்ட வழக்கறிஞர். கவுன்சில் நீதிமன்றம் போகுமுன் அனுப்பும் "வழக்குக்கு முந்தைய" கடிதம் வந்திருந்தால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெற்றோருக்குச் சட்ட உதவி உண்டு. வழக்கே தொடங்கினாலும் அப்படித்தான். அந்தக் கடிதம் வரவில்லையென்றால் வருமானம் பார்ப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

முறைப்பாடு இந்த வேலைக்கு உதவாது. வழக்கு நடக்கும்போது அதற்குப் பாதகமாகும் என்றால் கவுன்சில் முறைப்பாட்டை ஒத்திவைக்கலாம், கவுன்சில்கள் மீதான முறைப்பாட்டை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மனும் நீதிமன்றத்தில் பேசப்பட்ட விஷயத்தைத் தொடமாட்டார்.

பழைய_துபாசி

ஓம்பட்ஸ்மன் என்றதும் ஞாபகம் வந்தது. அவரால் என்ன செய்ய முடியும் என்று யாரும் சொல்லவில்லையே?

தாளும்_பேனையும்

கவுன்சில் கட்டங்கள் முடிந்தபின் உள்ளூராட்சி, சமூகப் பராமரிப்பு ஓம்பட்ஸ்மனிடம் போகலாம், காசு இல்லை. பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போவது நல்லது. பிள்ளையைத் திட்டத்தில் இருந்து எடுக்கும்படி அவர் சொல்லமாட்டார். மன்னிப்பு, தராத சேவையைத் தரச் சொல்லுதல், நடைமுறையை மாற்றச் சொல்லுதல், பட்ட அலைச்சலுக்குச் சில நூறு பவுண்டு, இவைதான். தனி ஒரு சோஷல் வேக்கர் பொய் எழுதினார், தொழில் ஒழுக்கம் மீறினார் என்றால் அது சோஷல் வேர்க் இங்கிலாந்து என்ற ஒழுங்காற்று அமைப்புக்கு. தாமதம், மொழிபெயர்ப்பாளர் இல்லாமை எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள்.

கார்டிஃப்_மீனா

நாங்கள் வேல்ஸில் இருக்கிறோம். இங்கேயும் இதே மூன்று கட்டமா? எங்கள் பையனைக் கணவர் கையில் தட்டியதற்காகத்தான் எல்லாம் தொடங்கியது.

தெற்குலண்டன்_சுகந்தி

இல்லை மீனா, அங்கே சட்டமே வேறு, 2014ஆம் ஆண்டு வேல்ஸ் சட்டம். இரண்டு கட்டம்தான். முதலில் 10 வேலைநாளுக்குள் உங்களோடு பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். பிறகு சுயாதீன விசாரணையாளர், 25 வேலைநாள். அதற்குமேல் வேல்ஸின் பொதுச்சேவை ஓம்பட்ஸ்மன். பிள்ளையை அடிப்பதில் இங்கிலாந்தில் "நியாயமான தண்டனை" என்ற வாதம் இன்னும் இருக்கிறது. வேல்ஸில் 2022 மார்ச் 21 முதல் அதுவும் இல்லை, கையில் தட்டுவதும் சட்டவிரோதம். ஸ்கொட்லாந்தில் 2020 நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். அதனால் உங்கள் கடிதத்தில் "சும்மா தட்டியதுதானே" என்று எழுத வேண்டாம். கணவருக்குப் பிள்ளை வளர்ப்பில் ஆதரவு தருவதாகச் சொன்னார்களா, அது வந்ததா? அதை எழுதுங்கள். திட்டத்தின் நகல் உங்கள் கையில் இருக்கிறதா?

கார்டிஃப்_மீனா

நகல் தரவில்லை. திங்கட்கிழமை கேட்கிறேன்.